சர்வர் கடிகாரம் பிசகினால் முதலில் பிசகின் அளவைப் பாருங்கள்

ஐப்பசி மழையில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் இறங்கி, மறுநாள் லினக்ஸ் சர்வரை ஆன் செய்தால் பில்லில் பழைய தேதி விழும். டெல்டா அரிசி ஆலைகளிலும் உரக்கடைகளிலும் மழைக்காலத்தில் இது வருவதுதான். உடனே டேட் (date) கட்டளையால் கையாலே திருத்திவிடாதீர்கள். எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். திருத்தினால் தடயம் போய்விடும்.

டைம்டேட்சிடிஎல் (timedatectl) என்று அடித்தால் உள்ளூர் நேரம், யுடிசி என்னும் உலகப் பொது நேரம், மதர்போர்டில் பேட்டரியில் ஓடும் கடிகாரமான ஆர்டிசி காட்டும் நேரம் மூன்றும் தெரியும். கைப்பேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

வித்தியாசம் சரியாக 5 மணி 30 நிமிடமா? அப்படியானால் நேர மண்டலத்தில்தான் கோளாறு. யுடிசி சரியாக இருந்து உள்ளூர் நேரம் மட்டும் தப்பினால், மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா (Asia/Kolkata) என்று வையுங்கள். அதே இயந்திரத்தில் விண்டோஸும் இருந்தால், அது ஆர்டிசியில் இந்திய நேரத்தை எழுதும். லினக்ஸ் அதை யுடிசி என்று படித்து 5.30 மணி முன்னால் ஓடும்.

தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) பூட் வரிசையையும், வட்டுகளை இணைக்கும் ரெய்டு அமைப்பையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் அவை அழியலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் பேட்டரி பிடிப்பானிலும் பச்சை பூக்கும். அதைத் துடைக்காமல் புதுப் பேட்டரி போட்டுப் பயனில்லை.

நாளுக்கு ஓரிரு விநாடி நகர்ந்துகொண்டே போனால் படிகக் கடிகாரம் தன்போக்கில் ஓடுகிறது, நேர சர்வரோடு தொடர்பு இல்லை என்று பொருள். நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி நிரல் இருந்தால், குரோனிசி சோர்சஸ் (chronyc sources) அடித்து ரீச் (Reach) பத்தியைப் பாருங்கள். 377 என்றால் கடைசி எட்டு முயற்சிக்கும் பதில் வந்திருக்கிறது. 0 என்றால் ஒன்றுகூட வரவில்லை. பெரும்பாலும் ஃபயர்வாலோ ரவுட்டரோ நேரச் செய்தி போகும் யுடிபி 123 போர்ட்டை அடைத்திருக்கும். குறைந்தது நான்கு நேர சர்வர்கள் இருக்கட்டும். இரண்டு மட்டும் வைத்து, அவை முரண்பட்டால் எது பொய் என்று குரோனியால் சொல்ல முடியாது. நேரம் ஒத்திசைக்கும் நிரல்களான டைம்சிங்க்டி, என்டிபிடி, குரோனி மூன்றில் ஒன்றுதான் ஓட வேண்டும்.

தொடர்பு இருந்தும் நேரம் ஒத்துவரவில்லையா? பொதுவாகக் குரோனியின் அமைப்புக் கோப்பில் மேக்ஸ்டெப் 1.0 3 (makestep 1.0 3) என்றிருக்கும். தொடங்கிய பின் முதல் மூன்று திருத்தங்களில் மட்டுமே, ஒரு விநாடிக்கு மேற்பட்ட பிசகை ஒரே தாவலில் சரிசெய். பிறகு மெதுவாக நகர்த்து என்று அர்த்தம். நிறுத்திவைத்து மீண்டும் எழுப்பிய மெய்நிகர் இயந்திரம் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) இதில்தான் மாட்டும். குரோனிசி மேக்ஸ்டெப் (chronyc makestep) கொடுத்தால் உடனே தாவும். என்டிபிடியோ, 1000 விநாடிக்கு மேல் பிசகைக் கண்டால் திருத்தாமல் நின்றேவிடும். அதை ஜி (-g) விருப்பத்தோடு தொடங்க வேண்டும்.

கடிகாரம் முன்னால் ஓடியிருந்தால், பின்னுக்கு இழுக்கும் முன் தரவுத்தளத்தை நிறுத்துங்கள். இல்லையென்றால் பின்னர் போட்ட பில் முந்தைய நேரத்தில் பதிவாகும். கொள்முதல் நாட்களில் அந்தக் கணக்கைச் சரிக்கட்டுவது பெரும்பாடு. நேரம் சரியானதும் ஹெச்டபிள்யூகிளாக் (hwclock) கட்டளை மூலம் ஆர்டிசியிலும் எழுதிவிடுங்கள்.

மழையில் இணையக் கம்பி அறுந்து நாள்கணக்கில் போகும் இடங்களில், ஒரு சர்வரின் குரோனி அமைப்புக் கோப்பில் லோக்கல் ஸ்ட்ராட்டம் 10 (local stratum 10, தன் கடிகாரத்தையே நேர மூலமாகக் கொடு) என்றும், அலுவலக வலைக்கு அனுமதி தரும் அலவ் (allow) வரியும் சேருங்கள். மற்ற கணினிகளை அதையே பார்க்கச் சொன்னால், இணையம் இல்லாதபோதும் எல்லாவற்றிலும் ஒரே நேரம் ஓடும்.