எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால்

என் அடுப்புக்குப் பக்கத்தில் வாணலி மூடி எப்போதும் இருக்கும். ஒருமுறை எண்ணெயைக் காய வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனேன். திரும்பினால் சட்டி முழுக்கத் தீ. கை தானாகத் தண்ணீர்ச் செம்புக்குத்தான் போனது. நல்லவேளை, ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வீசியடித்திருக்கும்.

கை எட்டினால் அடுப்பை அணையுங்கள். உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல நகர்த்தி மூடுங்கள். கண்ணாடி மூடி சூட்டில் வெடிக்கலாம். சட்டியைத் தூக்கவே கூடாது. தீ அடங்கியதா என்று உடனே திறந்து பார்க்காதீர்கள், காற்று பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். முழுக்க ஆறட்டும்.

தீயணைப்பானை அடுப்புக்கு மேலே மாட்டினால் தீயைத் தாண்டி எடுக்க முடியாது. வாசல் பக்கம் மாட்டுங்கள். எண்ணெய்த் தீக்கும் ஏற்றதா என்று வாங்கும்போதே கேளுங்கள். மாதம் ஒருமுறை அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம், புகை அலாரத்தின் பட்டனையும் அன்றே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

தீ சட்டியைத் தாண்டிவிட்டதா? எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.