பழைய பில்லர் டிரில்லுக்கு எந்த சுவிட்ச்?

பழைய பில்லர் டிரில் (தூணில் நிற்கும் துளை போடும் மெஷின்) வாங்கினால் மோட்டார் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சுவிட்ச் என்ற பெயரில் வீட்டில் லைட்டுக்குப் போடும் 6 ஆம்பியர் சாமானை யாராவது ஒரு பலகையில் முடுக்கி வைத்திருப்பார்கள். அதை முதலில் கழற்றுங்கள். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன சுவிட்சின் பாயின்ட்டுகள் பொறிபட்டுக் கருகி, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆஃப் போட்டாலும் டிரில் நிற்காது.

இதைவிட மோசமானது கரண்ட் போய் வருவது. டிரில் நின்றுவிட்டதே, சரி, பிட்டையாவது மாற்றலாம் என்று சக்கில் (பிட்டைப் பிடிக்கும் வாய்) சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறீர்கள், சுவிட்ச் ஆனிலேயே இருக்கிறது, கரண்ட் வந்துவிட்டது என்றால் சாவி எங்கே பறக்கும், விரல் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கடையில் டிஓஎல் ஸ்டார்ட்டர் என்று கேட்டு வாங்குங்கள். பச்சைப் பட்டனை அழுத்தினால் உள்ளே காயில் காந்தமாகி கான்டாக்டரை, அதாவது மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சை, பிடித்துக்கொள்ளும், கரண்ட் போனால் விட்டுவிடும், மறுபடி நீங்கள் அழுத்தினால்தான் ஓடும். கிணற்று மோட்டாருக்குப் போடும் அதே வகைதான். ஆனால் தோட்டத்தில் கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைக் கிளப்ப ஆட்டோ ஸ்டார்ட்டர் ஒன்று மாட்டுவார்களே, அது இங்கே வரவே கூடாது.

வாங்கும்போது காயில் வோல்ட்டைப் பாருங்கள். சிங்கிள் பேஸ் என்றால் 240, த்ரீ பேஸில் பெரும்பாலும் 415. அளவுக்கு மீறி கரண்ட் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். 1 ஹெச்பி மோட்டார் த்ரீ பேஸில் 2 ஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கும், சிங்கிள் பேஸில் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல், ஆகவே ரிலேயின் ரேஞ்ச் பொருந்தாவிட்டால் பயனில்லை. இன்னொன்று, மூன்று போல் (கரண்ட் போகும் வழி) உள்ள ரிலேயை சிங்கிள் பேஸ் மோட்டாருக்குப் போட்டால் பேஸ் வயரை ஒரு போலில் விட்டு, வெளியே எடுத்து இன்னொரு போலிலும் விட வேண்டும், நியூட்ரல் மூன்றாவதில் போகும். ஒரு போல் காலியாக இருந்தால் பேஸ் போய்விட்டது என்று நினைத்து ரிலே காரணமில்லாமல் டிரிப் ஆகும்.

நிறுத்துவதற்குக் காளான் தலை வைத்த சிவப்புப் பட்டன் தனியாக ஒன்று, காயிலுக்குப் போகும் வயரில் சீரிஸில், அதாவது அழுத்தினால் அந்த வயரில் கரண்ட் அறுபடும்படி. வலது கை கைப்பிடியில் இருக்கும்போது இடது கைக்கு எட்டுகிற இடத்தில், சுழலும் பிட்டைத் தாண்டி கை நீட்டாத மாதிரி வையுங்கள். பெட்டி மூடியதாக இருக்கட்டும், இரும்புத் தூள் உள்ளே போனால் ஷார்ட் ஆகும். எர்த் வயர் பெட்டிக்கும் மோட்டாருக்கும் மட்டுமல்ல, டிரில் பாடிக்கும் போக வேண்டும். வயரிங் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் பிட் மாட்டாமல் டிரில்லை ஓடவிட்டு மெயினை அணைத்து, நின்றபின் மறுபடி போடுங்கள். தானாகக் கிளம்பினால் வயரிங்கில் தப்பு இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் சக்கில் பிட்டை மாட்டாதீர்கள்.