ஜப்பானிய வீட்டுச் சமையல்: அடுப்பைக் கூட்டுவதுதான் முதல் தவறு

மசாலா குறைவு, ஆகவே சுலபம் என்று நினைத்து ஜப்பானியச் சமையலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் அடுப்பில்தான் கோட்டை விடுகிறார்கள். தீ கொஞ்சம் கூடிப்போனால் அதை மறைக்க இங்கே மிளகாய்த்தூளும் கிடையாது, தாளிப்பும் கிடையாது.

முதலில் தாஷி. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், முள்ளங்கியும் முட்டையும் சாறில் வேகும் குளிர்காலத்து ஓடென், சவான்முஷி என்ற முட்டைப் பதார்த்தம் எல்லாவற்றுக்கும் இந்தத் தெளிந்த சாறுதான் அடித்தளம். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கோம்பு, அதாவது உலர்ந்த கடற்பாசி, அரை மணி நேரமாவது ஊறட்டும். அப்புறம் சிறு தீ. பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் எழும்பியதும் கோம்பை எடுத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் சாறு வழவழப்பாகி, கடல்வாடை தூக்கலாக அடிக்கும். அடுத்து 20 முதல் 30 கிராம் கட்சுவோபுஷி (புகைபோட்டு உலர்த்திச் சீவிய சூரை மீன்) போட்டு, அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். துணியைப் பிழியாதீர்கள், சாறு கலங்கிவிடும்.

மீன் சீவல் இல்லையே என்று கோம்பை இரட்டிப்பாக்கினால் சரியாகிவிடாது. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கோம்பிலிருந்து பிரித்தெடுத்தது குளூட்டமேட் என்ற சுவைப்பொருள். மீனில் இருப்பது இனோசினேட் என்ற இன்னொரு சுவைப்பொருள். இரண்டும் சேரும்போதுதான் சுவை பல மடங்காகிறது. சைவக்காரர்களுக்கு வழி ஜப்பானியப் புத்த கோயில் சமையலிலேயே இருக்கிறது: கோம்புடன் உலர்ந்த ஷீட்டாகே காளான். காளானை வெந்நீரில் அவசரப்படுத்தாமல் இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். கடையில் வாங்கும் உடனடி மிசோ சூப் பெரும்பாலும் சைவமல்ல, உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மிசோவை அடுப்பை அணைத்த பிறகு, கரண்டியில் கரைத்துச் சேர்க்க வேண்டும். கொதித்தால் மணம் போய்விடும். நுரை கட்டியதும் ரசத்தை இறக்குகிற கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பருவம் தப்பிச் சமைப்பதும் ஒரு தவறு. தைகோன் முள்ளங்கி குளிர்காலத்தில் இனிக்கும், கோடையில் காரம் ஏறிவிடும். கொழுத்த புரி (யெல்லோடெயில்) மீனோடு அதைச் சேர்த்து வேகவைக்கும் புரி தைகோன் ஜப்பானில் குளிர்கால உணவாக இருப்பதற்கு இதுவும் காரணம். புரிக்கும் கொழுப்பு ஏறுவது அப்போதுதான். முள்ளங்கியை விரற்கடை கனத்துக்கு மேலேயே வட்டமாக நறுக்கி, தோலைத் தாராளமாகச் சீவி, அரிசி கழுவிய தண்ணீரில் முதலில் வேகவிடுங்கள். கசப்பு அடங்கும். பிறகு தாஷியில் சிறு தீ. சுவை இறங்கவில்லை என்று பலர் இன்னும் அரை மணி நேரம் கொதிக்கவிட்டுக் குழைத்துவிடுகிறார்கள். அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள், ஆறும்போதுதான் சாறு உள்ளே ஏறும். சாப்பிடும் முன் மறுபடி சூடாக்கினால் போதும். ஓடென் மறுநாள் ருசிப்பதும் இதனால்தான்.

இப்படி வேகவைக்கும் பதார்த்தங்களில் சர்க்கரை முதலில், சோயா சாஸ் பிறகு. முறை மாறினால் இனிப்பு உள்ளே ஏறாது. வெளிர்நிற உசுகுச்சி சோயா சாஸில் உப்பு குறைவு என்று ஊற்றிவிடாதீர்கள், அடர்நிறத்தைவிட அதில்தான் உப்பு அதிகம்.

இலையுதிர்காலத்துக் கஷ்கொட்டைச் சோற்றுக்கும் காளான் சோற்றுக்கும் பாஸ்மதி ஒத்துவராது, ஒட்டும் குட்டை அரிசி வேண்டும். அதை வெறும் தண்ணீரில் ஊறவையுங்கள். சோயா சாஸை ஊறும்போதே ஊற்றினால் அரிசி நீரைச் சரியாக உறிஞ்சாமல் நடுவில் வேகாது நிற்கும். உலை வைக்கும் தருணத்தில் ஊற்றி, காளானை மேலே பரப்பி மூடுங்கள், கிளற வேண்டாம். புது அரிசி என்றால் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் சோமென் என்ற மெல்லிய கோதுமை நூடுல்ஸ். வெந்ததும் வடிகட்டினால் மட்டும் போதாது. குழாயடியில் குளிர்ந்த நீரில் கைகளால் தேய்த்து அலசுங்கள். மாவில் சேர்த்த உப்பும் மேலே படிந்த பசையும் போனால்தான் இழைகள் பிரிந்து, வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும்.