பனோரமா ஹெட்டில் கேமரா எங்கே உட்கார வேண்டும்?

புதுச்சேரி காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களைப் பனோரமா எடுத்தால், படங்கள் ஒட்டும் இடத்தில் தூண் உடைந்து தெரியும். பனோரமா ஹெட்டில், அதாவது டிரைபாடின் மேல் கேமராவைத் திருப்பும் கருவியில், கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடரைச் சரிசெய்தால் தீரும்.

டிரைபாடை மட்டம் பார்த்து, கேமராவைச் செங்குத்தாக (படம் உயரவாக்கில் வரும்படி) மாட்டுங்கள். பக்கத்துத் தூணையும் தூரத்துத் தூணையும் ஒரே நேர்கோட்டில் வையுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது, தூரத்துத் தூணைவிட்டுப் பக்கத்துத் தூண் இடப்பக்கம் விலகினால் கேமராவைப் பின்னுக்கு இழுங்கள். வலப்பக்கம் விலகினால் முன்னுக்குத் தள்ளுங்கள். விலகல் நின்ற இடத்தின் அளவைக் குறித்துவையுங்கள். ஜூம் மாறினால் அளவும் மாறும்.

ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் என்றால் 30 டிகிரிக்கு ஒன்றாக 12 படம், ஒரு முழுச் சுற்று. எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றும் மேனுவலில் இருக்கட்டும். அப்புறம், பக்கத்தில் எதுவும் இல்லாமல் வெறும் கடலும் வானமும்தான் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.