காரைக்குடியிலிருந்து பனிமலைக்கு: முதல் தடவை போகும் குடும்பம் ஸ்கீ ரிசார்ட் பார்ப்பது எப்படி?

எங்கள் ஊரில் மார்கழிக் குளிர் என்றால் விடியற்காலையில் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வதோடு சரி. அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பி இரண்டு முறை குடும்பத்தோடு பனிச்சறுக்குக்குப் போய்வந்துவிட்டோம். முதலில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ், அடுத்து காஷ்மீரின் குல்மார்க். அதிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலையில் இருப்பவர், "எந்த ரிசார்ட் நல்லா இருக்கும்?" என்று ஆரம்பித்துவிடுகிறார். பதில் சொல்லி முடிப்பதற்குள் ரசம் வந்துவிடுகிறது. அதனால் இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் முதல் மூன்று நாளும் புழங்கப்போவது மொத்தமே இருநூறு மீட்டர் பயிற்சி மேட்டில்தான். பிரான்சின் த்ரீ வேலீஸில் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை இருக்கிறது. அங்கே போனாலும் உங்களுக்கு அதே இருநூறு மீட்டர்தான். பாதையின் நீளத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். படுக்கும் அறைக்கும் அந்த மேட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் குறைவதற்குக் கொடுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றைத்தான் சுற்றி வரும்.

படி 1: சறுக்காதவர்களை முதலில் எண்ணுங்கள்

ஒரு தாளில் வருகிறவர்கள் பெயரை எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஆறு பேர்: நான், மனைவி, 11 வயதுப் பையன், 6 வயதுப் பெண், அப்பச்சி (என் அப்பா), ஆத்தா (என் அம்மா). பெரியவர்கள் இருவரும் பனியைப் பார்க்க வருகிறார்கள், அவ்வளவுதான். நானும் மனைவியும் இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் தாங்க மாட்டோம் என்பது அப்போது தெரியாது. ஆக, முழு நேரமும் சறுக்கியது பிள்ளைகள் இருவர் மட்டுமே. விளம்பரங்கள் எல்லாம் அந்த இரண்டு பேருக்காக எழுதப்பட்டவை. மற்ற நாலு பேர் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை என்ன செய்வார்கள் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்கீ மாட்டாமலே மேலே ஏறிப் பார்க்க ரயிலோ ரோப் காரோ உள்ள ஊராகப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் கோர்னர்கிராட் பல்சக்கர ரயில் 1898-லிருந்து ஓடுகிறது. 3,089 மீட்டர் உயரத்துக்குச் சன்னலோரம் உட்கார்ந்தபடியே போய், மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்த்துவிட்டு இறங்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? குல்மார்க்கின் கோண்டோலா என்னும் ரோப் காரில் ஒரு பெட்டிக்கு ஆறு பேர். எங்கள் குடும்பம் அதில் அப்படியே அடங்கிவிட்டது.

படி 2: நாள் குறிப்பது

இதுதான் நம் பக்கத்தில் பெரிய சிக்கல். அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசியில் பிள்ளைகளுக்கு லீவு. ஆனால் உலகம் முழுவதும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில்தான் ரிசார்ட் விலை உச்சத்தில் இருக்கும். போதாக்குறைக்கு நம் பிள்ளையார் நோன்பும் அதையொட்டித்தான் வரும். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு. ஊரில் இருந்து இழை (மாவில் வைத்து ஏற்றும் நூல் திரி) எடுக்காவிட்டால் ஆத்தா சமாதானமாக மாட்டார்கள். நூலும் மாவும் கொண்டுபோய் ஓட்டல் அறையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். விளக்கேற்றினால் அறையில் தீ அலாரம் அடிக்குமே என்று பையன் ஒரு கேள்வி கேட்டான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் பொங்கல். பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாயில் நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். உங்கள் வீட்டில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் இருந்தால் தைப்பூசம் வரை அவரை அசைக்க முடியாது. இவ்வளவையும் காலண்டரில் குறித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ஜனவரி இரண்டாம் பாதியில் ஒரு வாரம் அகப்பட்டால் விட்டுவிடாதீர்கள். ஐரோப்பாவில் புத்தாண்டுக் கூட்டம் வடிந்து, அவர்களுடைய பிப்ரவரி பள்ளி விடுமுறை தொடங்காத நேரம் அது. விலையும் இறங்கியிருக்கும், மேட்டிலும் நெரிசல் இருக்காது. பள்ளிக்கு ஐந்து நாள் லீவு போட வேண்டும், போடுங்கள். லீவே போட முடியாது என்றால் ஏப்ரலும் இருக்கிறது. செர்மாட்டில் பனியாற்றின் மேல் வருடம் முழுவதும் சறுக்குகிறார்கள்.

குல்மார்க்குக்கு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய நல்லது. ஆனாலும் பனி நம் சொல்படி பெய்யாது. 2024 ஜனவரியில் அங்கே பல வாரம் பனியே இல்லாமல் புல்தரையாகக் கிடந்தது. முன்பதிவு செய்யும்போது தேதி மாற்ற முடியுமா, பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ரிசார்ட்டுகளில் செயற்கைப் பனி தூவும் பீரங்கிகள் இருப்பதால் இந்தப் பயம் கொஞ்சம் குறைவு.

படி 3: உயரம் பாருங்கள்

நம் தரைமட்டக் கண்ணுக்கு எல்லா மலையும் ஒன்றுதான், உடம்புக்கு அப்படி இல்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். குல்மார்க் 2,650. கோண்டோலாவின் முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டரில் கொங்டூரியில் இறக்கிவிடும். இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். 2,500-ஐத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். எங்கள் அப்பச்சி கொங்டூரியோடு நின்றுகொண்டார், அங்கேயே பனி முழங்கால் அளவு இருந்தது.

தங்கும் ஊரின் உயரத்தையும் மேட்டின் உயரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். செர்மாட் ஊர் 1,600 மீட்டர்தான். ஜப்பானின் நிசேக்கோவில் அன்னுபுரி மலையின் உச்சியே 1,308 மீட்டர், ஆனால் பனி கொட்டோ கொட்டென்று கொட்டும். பெரியவர்களுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்று பயப்படுகிறவர்கள் நிசேக்கோவை யோசிக்கலாம். பெயரில் இருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பிரான்சின் பணக்கார ரிசார்ட்டான கூர்ஷவெல் 1850 உண்மையில் கிட்டத்தட்ட 1,750 மீட்டரில்தான் இருக்கிறது. ஊர்ப் பெருமை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் போல.

படி 4: வீடு பார்க்கிற கண்ணோடு ஓட்டலைப் பாருங்கள்

செட்டிநாட்டு வீட்டை விலை பேச வருகிறவர் முகப்புத் தூணை மட்டும் பார்த்துவிட்டுப் போவாரா? வளவில், அதாவது நடுமுற்றத்தில், நின்று வெளிச்சம் பார்ப்பார், இரண்டாம் கட்டுக்குப் போவார், கிணற்றை எட்டிப் பார்ப்பார். ஓட்டலையும் அப்படிப் பாருங்கள். இணையத்தில் காட்டுவதெல்லாம் முகப்பு. நீங்கள் மெயில் போட்டுக் கேட்க வேண்டியது பின்கட்டைப் பற்றி.

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். ஆல்ப்ஸில் நாங்கள் எடுத்த ஓட்டல் (பெயர் வேண்டாம்) வாசலிலேயே ஸ்கீ மாட்டிக்கொண்டு இறங்கலாம் என்று விளம்பரம் செய்திருந்தது. பொய் இல்லை, இறங்கலாம்தான். ஆனால் வாசலில் ஓடியது சிவப்புப் பாதை. ஐரோப்பாவில் நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. எங்களுக்கான பயிற்சி மேடு ஊரின் அடுத்த கோடியில், பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருந்தது.

ஸ்கீ பூட்ஸ் என்பது கணுக்காலை மடக்க விடாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதைப் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு ஜோடி ஸ்கீ, கையில் மகளின் ஸ்கீ, நாலு கம்பு, உறைந்த நடைபாதை. இருபது அடிக்கு ஒரு தடவை ஏதாவது ஒன்று நழுவி விழும். குனிந்து எடுக்கப் போனால் தோளில் இருப்பது பின்னால் வருகிறவர் முகத்துக்கு நேரே போகும். பஸ் நிறுத்தம் வருவதற்குள் மகள் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். மணி ஒன்பதே கால்தான், அந்த நாள் அப்போதே முடிந்துவிட்டது.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பயிற்சி மேடு வாசலிலிருந்து எத்தனை நிமிட நடை? வாசலில் ஓடும் பாதை என்ன நிறம்? பூட்ஸ் காயவைக்கும் சூட்டு அறை இருக்கிறதா? (ஈரப் பூட்ஸை மறுநாள் காலையில் மாட்டிப் பார்த்தவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.) ஸ்கீயை இரவு மேட்டருகிலேயே வைத்துவிட்டு வரலாமா? ஆறு பேருக்கு நடுவில் கதவு உள்ள இரண்டு அறைகள் கிடைக்குமா? லிஃப்ட் எல்லா மாடிக்கும் போகுமா? நல்ல ஓட்டல் இதற்கெல்லாம் ஒரே நாளில் பதில் போடும். சுற்றி வளைத்துப் பேசினால் அடுத்த ஓட்டலைப் பாருங்கள்.

குல்மார்க்கில் இன்னொரு கேள்வியும் உண்டு: சென்ட்ரல் ஹீட்டிங்கா, மின்சாரக் கம்பளியா, புகாரியா? புகாரி என்பது விறகு அடுப்பு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மூடிய அறையில் அது எரிய எரியத் தூங்கக் கூடாது, விஷவாயு சேரும். கைபர் போன்ற பெரிய ஓட்டலில் இந்தக் கவலை இல்லை, கோண்டோலா நிலையமும் பக்கத்திலேயே. வாடகை அதிகம்தான். ஆத்தா ராத்திரி குளிரில் நடுங்காமல் தூங்கினார்களா என்பதை வைத்து நான் அந்தக் கணக்கைப் போடுவேன்.

படி 5: ஸ்கீ பள்ளியை ஓட்டலுக்கு முன்பே பிடியுங்கள்

மொழியும் வயதும் இரண்டு வரிக் கேள்வி. ஆங்கிலத்தில் சொல்லித் தருவார்களா? மகளின் வயதுக்குக் குழு இருக்கிறதா? ஐரோப்பாவில் பெரும்பாலும் மூன்று, நான்கு வயதிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள். குழந்தைகளை மேலே கொண்டுபோக நகரும் தரைவிரிப்பு மாதிரி ஒரு பட்டை இருக்கும், அது உள்ள மேடாகத் தேடுங்கள். முதல் இரண்டு நாளுக்கு முழு மலைக்குமான லிஃப்ட் பாஸ் (சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் வண்டிகளுக்கான சீட்டு) வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பயிற்சி மேட்டுக்குத் தனிப் பாஸ் உண்டா என்று கேளுங்கள், சில ஊர்களில் அது இலவசம்.

படி 6: சாப்பாடு

காலையும் இரவும் சேர்ந்த ஹாஃப் போர்டு எடுங்கள். பனியில் நனைந்து வந்த பிறகு ஓட்டல் தேடி வெளியே போக யாருக்கும் தெம்பிருக்காது. சைவம் என்று மட்டும் எழுதினால் மீன் வரும். மீன், முட்டை, இறைச்சி வடிசாறு எதுவும் கூடாது என்று விவரமாக எழுதுங்கள். உருக்கிய சீஸில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடும் சுவிஸ் ஃபாண்ட்யூவில் வழக்கமாக வெள்ளை ஒயின் சேர்ப்பார்கள், பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தேன்குழல், சீப்புச் சீடை, பருப்புப்பொடி எல்லாம் தாராளமாக எடுத்துப் போகலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பொருட்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை.

படி 7: போய்ச்சேரும் வழி, விசா, இன்சூரன்ஸ்

நமக்குத் திருச்சி, மதுரை விமான நிலையங்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம். ஸ்ரீநகர் விமானம் பனிமூட்டத்தால் தாமதமாவது சகஜம், திரும்பும்போது ஒரு நாள் கையிருப்பு வையுங்கள். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் 50 கிலோமீட்டர் சொச்சம். கடைசி 13 கிலோமீட்டர், தங்மார்க்கிலிருந்து, பனி பெய்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான். நம் ஊர் பிரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்ட் வைத்திருக்க வேண்டும். கோண்டோலா டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

ஐரோப்பா என்றால் அங்குள்ள பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். ஆனால் பல பாலிசிகளில் பனிச்சறுக்குக் காயம் சேராது. குளிர்கால விளையாட்டுக்குத் தனியாகச் சேர்த்து, மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள்.

படி 8: பாதத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள்

உடை, ஸ்கீ எதையும் வாங்க வேண்டாம், எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கண்ணாடியும் சன் ஸ்கிரீனும் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். புதுப்பனி வெயிலின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். நம் ஊர் வெயிலையே பார்த்தவன் என்று அலட்சியமாக இருந்து மூக்குத் தோல் உரிந்தது எனக்குத்தான்.

ஸ்கீ பூட்ஸ் அளவு சென்டிமீட்டரில் சொல்ல வேண்டும். பிள்ளையைச் சுவரோடு குதிகால் ஒட்ட நிற்கவைத்து, பெருவிரல் நுனியில் கோடு போட்டு அளந்தால் போதும். நாங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல்லின் மேலேயே சாக்பீஸால் கோடு போட்டோம். பூட்ஸுக்குள் ஒரே ஒரு மெல்லிய நீளச் சாக்ஸ்தான் போட வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு மாட்டினால் ரத்த ஓட்டம் இறுகி விரல் இன்னும் சில்லிட்டுப் போகும். எடையையும் உயரத்தையும் கூச்சப்படாமல் உள்ளபடி எழுதுங்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து கழன்றுகொள்ளும் அளவை அதை வைத்துத்தான் வைக்கிறார்கள், நாலு கிலோ குறைத்துச் சொன்னாலும் வித்தியாசம் வரும்.

இந்த விவரத்தை இரண்டு மாதம் முன்பே வாடகைக் கடைக்கு அனுப்பிவிட்டோம். கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது சும்மா மறுபடி நிற்கவைத்தேன். பையன் கால் கோட்டைத் தாண்டி அரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. அன்று ராத்திரியே கடைக்கு இன்னொரு மெயில் போட்டேன்.