பேஜ் கேப்சிட் உருவாக்கம்: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வைரசின் தலைப்பகுதியான கேப்சிட்டைப் படத்தில் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது அதன் ஒழுங்குதான். இருபது முகங்களும் பன்னிரண்டு முனைகளும் கொண்ட அந்தக் கூட்டில் நூற்றுக்கணக்கான உறைப்புரதங்கள் அடுக்கிவைத்தாற்போல் அமைந்திருக்கும். ஆனால் அது கட்டி முடித்த பிறகு எடுத்த படம். கேப்சிட்டைப் பற்றி எழுதுவோரும் ஆய்வக மாணவர்களும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, முடிந்த கூட்டின் வடிவத்தைப் பார்த்து அது உருவான வழியையும் ஊகித்துக்கொள்வதால் நேர்பவை. சால்மொனெல்லாவைத் தாக்கும் பி22 என்னும் பேஜ் இந்தத் துறையில் மிக விரிவாக ஆராயப்பட்ட ஒன்று என்பதால், அதையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

எண்ணிக்கைத் தவறை முதலில் முடித்துவிடலாம். 1962இல் காஸ்பரும் குளுகும் முன்வைத்த கோட்பாட்டின்படி, முக்கோண எண் (கூட்டின் ஒரு முகம் எத்தனை சிறு முக்கோணங்களாகப் பிரிகிறது என்பதைச் சொல்லும் எண்) டி என்றால் கூட்டில் 60 மடங்கு டி புரதங்கள் இருக்க வேண்டும். பி22க்கு டி 7 என்பதால் விடை 420 என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையான பேஜில் 415தான் உண்டு, ஏனெனில் பன்னிரண்டு முனைகளில் ஒன்றில் ஐந்து உறைப்புரதங்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பிரதிகளால் ஆன வாயில் புரத வளையம் அமர்ந்திருக்கிறது. டிஎன்ஏ உள்ளே நுழைவதும் பின்னர் வெளியேறுவதும் அந்த ஒரு முனை வழியாகவே. ஆர்என்ஏ பேஜான எம்எஸ்2விலும் இதே கதைதான்: கணக்குப்படி 180, ஆனால் ஓர் இணையின் இடத்தை முதிர்வுப் புரதம் எடுத்துக்கொள்வதால் உண்மையில் 178.

இதைவிட ஆழமான தவறு, உறைப்புரதம் ஒரே ஒரு இறுதி வடிவத்தில் முழுமையாக மடிந்து, பிறகு மாற்றமில்லாமல் மற்றவற்றோடு சேர்கிறது என்று எண்ணுவது. ஒரே அமினோ அமிலத் தொடர்தான், ஆனால் பி22 கூட்டில் அது ஏழு வெவ்வேறு சூழல்களில் அமர வேண்டியிருக்கிறது. ஐந்து புரதங்கள் சூழ்ந்த முனையிலும் ஆறு புரதங்கள் சூழ்ந்த முகத்திலும் வளைவு ஒன்றல்ல. எனவே புரதத்தின் மையப்பகுதி உறுதியாக மடிந்திருந்தாலும், அதன் நுனிக் கரமும் தொடர் வளைந்து திரும்பும் சில வளையங்களும் அக்கம்பக்கத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் நிலையில் இருக்கின்றன. எம்எஸ்2 புரதத்தின் எஃப்ஜி வளையம் இதற்குத் தெளிவான சான்று: ஐந்துமடிச் சமச்சீர் அச்சைச் சுற்றி அமரும் பிரதிகளில் மடங்கியும் மற்றவற்றில் நீண்டும் காணப்படுகிறது. தனிப் புரதத்துக்குக் கணினி கணித்துத் தரும் ஒரு கட்டமைப்பை வைத்துக்கொண்டு, கூட்டில் அது அப்படியேதான் இருக்கும் என்று எழுதுவது இதனால்தான் பிழையாகிறது.

அடுத்தது சடுதிமாற்றங்களைப் படிப்பதில் வரும் தவறு. இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். பி22 உறைப்புரதத்தில் 430 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று மட்டும் மாறினாலே, அதிக வெப்பநிலையில் பேஜ் உருவாகாமல் போகும் வகைகள் பல அறியப்பட்டுள்ளன. இவற்றைக் கண்டவுடன், மாறிய புரதம் வெப்பத்தைத் தாங்காமல் சிதைகிறது என்று முடிவு கட்டுவது இயல்பு. ஆனால் அதே சடுதிமாற்றம் கொண்ட பேஜைக் குறைந்த வெப்பநிலையில் வளர்த்து, கூடு முழுமையடைந்த பிறகு வெப்பத்தை உயர்த்தினால், இயல்பான பேஜைப் போலவே அதுவும் தாங்குகிறது. அப்படியானால் குறை முடிந்த புரதத்தில் இல்லை. மடிந்துகொண்டிருக்கும் இடைநிலையில்தான் இருக்கிறது. அந்த இடைநிலைகள் வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகி, செல்லுக்குள் பயனற்றுத் தேங்கிவிடுகின்றன. எம்ஐடியில் ஜோனதன் கிங்கின் குழுவினர் முதலில் பி22இன் வால்முள் புரதத்திலும் பின்னர் உறைப்புரதத்திலும் இந்த வேறுபாட்டை விளக்கிக் காட்டினர். ஆகவே ஒரு சடுதிமாற்றம் கூட்டின் நிலைப்புத்தன்மையைக் கெடுக்கிறது என்று எழுதுவதற்கு முன், வெப்பநிலையை எந்தக் கட்டத்தில் மாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் முடிவு தலைகீழான அறிக்கைகள் குறைவல்ல.

இதே பொருளில், மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் புரதங்களான சாப்பரோன்களைப் பற்றியும் ஒரு பொதுமைப்படுத்தல் பரவியிருக்கிறது. லாம்டா, டி4 முதலிய பேஜ்கள் வளர மறுத்த ஈ. கோலை வகைகளை 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோதுதான் குரோஇ மரபணு வெளிப்பட்டது. அந்த வரலாற்றால், எல்லா உறைப்புரதங்களும் மடிவதற்கு அங்கிருந்து உண்டாகும் குரோஇஎல் என்னும் சாப்பரோன் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். டி4இன் உறைப்புரதத்துக்கு அது உண்மை. அங்கே குரோஇஎல்லுக்கு மூடியாக அமரும் குரோஇஎஸ்கூடப் போதாமல், அதன் இடத்தில் அமரும் ஜிபி31 என்ற புரதத்தைப் பேஜே தயாரித்துக்கொள்கிறது. ஆனால் பி22இன் இயல்பான உறைப்புரதத்துக்குக் குரோஇஎல் தேவையில்லை. மேலே சொன்ன வெப்ப உணர்வுச் சடுதிமாற்றங்கள் வந்தால் மட்டுமே உதவி தேவைப்படுகிறது; செல்லில் குரோஇஎல்லையும் குரோஇஎஸ்ஸையும் மிகையாக உண்டாக்கினால் அந்தப் புரதங்களும் அதிக வெப்பநிலையில் மடிந்து கூடாகின்றன.

கூடு கட்டும்போது சாரம்போல் தற்காலிகமாகத் தாங்கிநிற்கும் சாரப் புரதத்தை மறந்துவிடுவதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய தவறு, அதற்குக் காரணமும் உண்டு: முதிர்ந்த பேஜில் அது இருப்பதேயில்லை. உறைப்புரதத்தை மட்டும் தனியே விட்டால் பி22இல் ஒழுங்கான கூடு கிடைப்பதில்லை. சுருள்களும் அளவு மாறிய கூடுகளுமே கிடைக்கின்றன. 303 அமினோ அமிலங்கள் கொண்ட சாரப் புரதம் உடனிருந்தால்தான் சரியான வளைவுடன் முன்கேப்சிட், அதாவது டிஎன்ஏ இன்னும் நிரம்பாத முதல் நிலைக் கூடு, எழுகிறது. டிஎன்ஏ உள்ளே நிரம்பும் கட்டத்தில் சாரப் புரதங்கள் முழுமையாக வெளியேறி, அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடுகின்றன. கூரைத் தளம் இறுகியதும் சென்ட்ரிங் பலகையைக் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவது போன்றது இது. கிங்கும் கேஸ்ஜென்ஸும் இந்த மறுபயன்பாட்டை 1974இலேயே வெளியிட்டார்கள். இதைப் படித்தவர்கள் உடனே அடுத்த தவறைச் செய்கிறார்கள்: எல்லாப் பேஜ்களிலும் சாரம் இப்படித்தான் வெளியேறும் என்று எழுதிவிடுகிறார்கள். டி4இல் புரதத்தை வெட்டும் நொதியான பேஜின் சொந்தப் புரோட்டியேஸ் சாரத்தை வெட்டித் துண்டாக்குகிறது. எச்கே97 என்னும் பேஜில் தனியான சாரப் புரதமே கிடையாது. உறைப்புரதத்தின் முன்பகுதியில் உள்ள 102 அமினோ அமிலங்கள் அந்த வேலையைச் செய்துவிட்டுப் பிறகு வெட்டி நீக்கப்படுகின்றன.

எம்எஸ்2வின் உறைப்புரத மரபணுவை மட்டும் ஈ. கோலையில் இயக்கினால் அழகான வெற்றுக்கூடுகள் கிடைக்கும் என்பது பாடநூல்களில் அடிக்கடி வரும் செய்தி. அவை முழு வெறுமையானவை அல்ல, செல்லின் ஆர்என்ஏ அவற்றினுள் சிக்கியிருக்கும். ஆர்என்ஏவோடு பிணைவதே அங்கு கூடு கட்டும் வேலைக்கு உதவுவதால், இரட்டை இழை டிஎன்ஏ பேஜ்களுக்கு அந்த முடிவைப் பொருத்தக்கூடாது. பின்னவற்றில் கூடு முதலில் எழுகிறது. டிஎன்ஏ பின்னரே, ஏடிபியைச் செலவழிக்கும் டெர்மினேஸ் என்னும் இயந்திரத்தால், ஏற்கெனவே நிற்கும் கூட்டுக்குள் திணிக்கப்படுகிறது. டிஎன்ஏவைச் சுற்றிப் புரதங்கள் படிந்து கூடாகின்றன என்று வரையும் படங்கள் இந்தப் பேஜ்களுக்கு முற்றிலும் தவறு.

சோதனைக்குழாயில் வேலை செய்வோருக்கு ஒரு சொல். புரதத்தின் செறிவைக் கூட்டினால் கூடுகள் விரைவாகவும் நிறையவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூடு கட்டுதல் ஒரு சிறு கருவில் தொடங்கி வளர்வது. செறிவு மிகுந்தால் கருக்கள் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறித் தோன்றி, இருக்கும் புரதத்தைப் பங்கிட்டுக்கொண்டு எதுவுமே முடியாமல் அரைக்கூடுகளாக நின்றுவிடும். புரதங்களுக்கு இடையிலான பிணைப்பு வலுவாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் இங்கே பொய்க்கிறது, ஏனெனில் தவறாகச் சேர்ந்த புரதம் பிரிந்து மீண்டும் சரியாகச் சேர்வதற்குப் பிணைப்பு பலவீனமாக இருப்பதே வழி.

வலிமை பின்னால் வருகிறது. முன்கேப்சிட் முதிரும்போது சுவர் மெலிந்து கூடு விரிகிறது; பி22இல் விட்டம் பத்து விழுக்காடு அளவே கூடினாலும் உட்கொள்ளளவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. எச்கே97இல் விரிவுக்குப் பிறகு ஒரு புரதத்தின் 169ஆம் இடத்து லைசினும் இன்னொன்றின் 356ஆம் இடத்து அஸ்பராஜினும் வேதிப்பிணைப்பால் இணைந்து, வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்த சங்கிலிக் கவசம் உருவாகிறது. இதனால் ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை நடக்கும்: முதிர்ந்த எச்கே97 கூட்டை புரதங்களைப் பிரித்து விரிக்கும் எஸ்டிஎஸ் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, அளவுவாரியாகப் புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், உறைப்புரதம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டையே இராது. புரதம் உண்டாகவில்லை என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன், ஜெல்லில் மாதிரியை இடும் கிணற்றுக்குள் நகராமல் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.