எகிப்திய நீலத் தாயத்து: சேலம் வெயிலில் நாமே செய்யலாம்

பழைய எகிப்தில் குழந்தைகளின் கழுத்தில் கட்டியதும், இறந்தவர்களின் உடலைச் சுற்றிய துணிக்குள் வைத்ததுமான அந்த நீலப்பச்சைத் தாயத்துகளில் பெரும்பங்கு ஃபையான்ஸ் என்னும் பொருளால் ஆனவை. அரைத்த குவார்ட்ஸ், கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் என்னும் இயற்கைச் சோடா உப்பு அல்லது செடிச் சாம்பல், நிறத்துக்குச் செம்பு, அவ்வளவுதான். அதன் அழகு என்னவென்றால் மேலே தனியாக மெருகு பூச வேண்டியதே இல்லை, காயும்போது உள்ளே இருக்கும் சோடா தண்ணீரோடு மேலே வந்து உப்பாகப் பூக்கும், சூளையில் அந்த உப்புதான் உருகிக் கண்ணாடியாகப் படியும்.

கல்லில் கவனம். சேலம் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டும் வெள்ளைக்கல் மேக்னசைட், இதற்கு ஆகாது. காட்டில் கிடக்கும் வெங்கச்சங்கல்தான் குவார்ட்ஸ். சந்தேகம் இருந்தால் கண்ணாடித் துண்டில் இழுத்துப் பாருங்கள், குவார்ட்ஸ் கீறும், மேக்னசைட் கீறாது. ஆனால் தயவுசெய்து வீட்டில் இடித்து அரைக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், போன நுரையீரல் திரும்பாது. பீங்கான் மூலப்பொருள் விற்கும் இடத்தில் 200 மெஷ் (சல்லடை அளவு) நைசு மாவாகவே வாங்குங்கள், அப்போதும் என்95 மாஸ்க் கட்டாயம்.

எடைக்கணக்கில் குவார்ட்ஸ் 40, சோடா ஃபெல்ஸ்பார் (சோடியம் உள்ள ஒருவகைக் கல்மாவு) 40, வெள்ளைக் களிமண் 8, சலவை சோடா 6, சமையல் சோடா 6, செம்பு ஆக்சைடு 2. எகிப்தியர் கலவையில் குவார்ட்ஸ் 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கும், ஆனால் அதைக் கையால் பிடிப்பது பெரும்பாடு, அதனால் இன்றைக்கு வனைபவர்கள் இப்படிக் கலக்கிறார்கள். கையுறை போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். களிமண்போல இழுபடாது, புட்டு மாவு மாதிரி உதிரும், அதனால் கையால் நுணுக்கமாக வனைவதைவிட அச்சில் அழுத்துவதுதான் சரி. அவர்களும் அதைத்தான் செய்தார்கள், 1891-92இல் அமர்னா என்னும் பழைய எகிப்திய நகரைத் தோண்டிய தொல்லியலாளர் பெட்ரிக்குச் சுட்ட களிமண் அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மெழுகில் உருவம் செதுக்கி, அதன்மேல் களிமண்ணை அழுத்தி எடுத்துச் சுட்டால் அச்சு தயார்.

எந்த உருவம்? முதலில் வெஜாத், அதாவது ஹோரஸின் கண், தட்டையாக இருப்பதால் எளிது. எனக்கு மிகவும் பிடித்தது தவேரெத்: நீர்யானை உடல், சிங்கக் கால், முதலை முதுகு, பெருத்த வயிறு, கர்ப்பிணிகளைக் காக்கும் தாய். குள்ளமாக நாக்கை நீட்டி நிற்கும் பெஸ், பிரசவத்துக்கும் குழந்தைக்கும் காவல். நம் வீட்டுப் பாட்டிகள் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். கயிறு கோக்கும் துளையை ஈரத்திலேயே போடுங்கள், அப்புறம் போட்டால் உடையும்.

இனி உலர்த்தல், எல்லாம் இதில்தான் இருக்கிறது. கம்பி வலைமேல் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் படும்படி விடுங்கள், தரையில் படும் பக்கத்தில் உப்பு ஏறாது, மெருகும் வராது. சேலத்துக் கோடைக்காற்று இதற்கென்றே அமைந்தது. ஏற்காட்டில் இருப்பவர்கள் மழை, பனிமூட்ட நாட்களைத் தவிர்ப்பது நல்லது, ஈரக்காற்றில் தண்ணீர் மெல்லப் போகும், உப்பும் சரியாக மேலேறாது. வெள்ளைப் படலம் வந்தபின் விரலால் தொடவே கூடாது, தொட்ட இடம் சூளையிலிருந்து சொரசொரப்பாக வெளியே வரும். சூளைக்கு எடுத்துப்போகும்போது துளையில் சூளைச் சூட்டைத் தாங்கும் நிக்ரோம் கம்பி விட்டுத் தூக்குங்கள்.

விறகுச் சூளை வேண்டாம், புகை மூடினால் செம்பு நீலம் தராமல் கறுத்தோ சிவந்தோ போகும். மின்சூளையில், அதே நிக்ரோம் கம்பியில் தொங்கவிட்டு, மெதுவாக 950 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, கால் மணி நேரம் நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். சூளை அடுத்தவருடையது என்றால் கலவையில் சோடா இருக்கிறதென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதன் ஆவி சூளைக் கம்பிகளை அரிக்கும்.

கோக்கக் கறுப்புக் கயிறு போதும். வெள்ளியில் வேண்டுமென்றால் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் மெல்லிய வளையம் போட்டுத் தருவார்கள், ஆனால் பற்றவைக்கும் நெருப்பு தாயத்தில் படாமல், வளையத்தைத் தனியே முடித்து மாட்டச் சொல்லுங்கள். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு மட்டும் கட்டாதீர்கள், உள்ளே செம்பு இருக்கிறது.